சீரியல் என்று எழுதியிருந்த துளை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மகனுக்கு, உன் தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மனைவி சரளாவும் உடலளவில் நலமாக இருக்கிறோம். அங்கே பனிமலையில், மூச்சு வாங்கும் உயரத்தில், கைபேசிக் கோபுரம் நிறுத்தும் பணியில் இருக்கும் உன் நலமறிய விழைகிறேன். இம்மடலைச் சென்ற வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாமல் ஒரு வாரம் காலம் தாழ்த்தியமைக்கு நீ என்னைப் பொறுத்தருள வேண்டும். பெற்ற மகனுக்கு இப்படியா எழுதுவது என்று நீ சிரிக்கக்கூடும். ஊராருக்காக ஆட்சியருக்கு மனு எழுதிப் பழகிய கை இது; முக்கியமான செய்தி என்றாலே இப்படித்தான் தொடங்குகிறது. நானும் அதைத் திருத்த முயலவில்லை. மனுவில் எழுதுவது போலத்தான் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இங்கே என்னால் ஆகக்கூடியது இனி ஒன்றும் இல்லை.

இம்மடல் உன்னை வந்தடையும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் நாளை வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் புளி கொண்டு ஒடுகத்தூர் இறங்குகிறாள். இரவு அங்கே மகள் வீட்டில் தங்கிச் சனிக்கிழமை முதல் பேருந்தில் மலையேறுவாள். என்னுடையது பொத்தான் கைபேசி. ஆகவே இந்தப் பக்கங்களை அவளுடைய கைபேசியில் படமெடுத்து உன் எண்ணுக்கு அனுப்பும்படி ஆயத்தம் செய்து கொடுக்கிறேன். அவள் கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் அவை தாமே கிளம்பிவிடும். மாலையில் நீ முகாமுக்குத் திரும்பி அங்குள்ள வைஃபையைப் பிடிக்கும்போது பார்ப்பாய். குப்பம்மாளுக்கு இவ்வளவு எழுதுவதில் உடன்பாடு இல்லை. "எதுக்குக்கா இம்மாம் நீட்டு? நம்பர குடு, நானே ஃபோன் போட்டு, 'டேய், வைஃபை பூட்டுச்சு, உன் பொண்டாட்டியும் போவப் போறா, கெளம்பி வாடா'ன்னு ஒரே மூச்சுல முடிச்சிடறன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீ பால்குடிக் குழந்தையாய் இருந்தபோது உன் தந்தை குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போயிருந்தார். முதல் மழை பெய்தது. சாமை விதைக்க வீட்டில் ஆண் கை இல்லை. அந்தப் பக்கம் போகும் லாரிக்காரர் ஒருவரிடம், "மழ வந்துடுச்சு, சாம வெதைக்கணும், சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினேன். அவர் வழியில் இன்னொருவரிடம் சொல்ல, அவர் மேஸ்திரியிடம் சொல்ல, உன் தந்தையின் காதுக்கு அது, "மழ வந்துடுச்சு, சாம வெதைச்சாச்சு, சீக்கிரம் வர வேணாம்" என்று போய்ச் சேர்ந்தது. அவரும் மகிழ்ச்சியாகத் தங்கிவிட்டார். அந்த ஆண்டு நம் கொல்லை நிலம் புல் முளைத்துக் கிடந்தது. பேருந்துப் பலகையையும் உரச்சாக்கையும் பார்த்து நான் எழுத்துக் கூட்டப் பழகியது அதற்குப் பிறகுதான். செந்தமிழை வானொலிச் செய்தியிலிருந்து பெற்றேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் அதே சாக்குகளிலிருந்துதான் பெற்றேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் இரண்டு மொழி எழுத்தும் அறிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தி என்று பெருமை கொண்டிருந்தேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைத்தான் இனி எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற வெள்ளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை நீயும் சரளாவும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்டேன் என்று எண்ணாதே. படம் பார்த்துப் பேசும்போது அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுகிறாள்; நம் வீடு ஒரே அறை; நான் அடுப்பின் முன் இருந்தேன். அவளுடன் படித்த பெண்ணின் தகப்பனார் வாணியம்பாடியில் மருந்துக் கடை நடத்துகிறார். மருந்தாளுநர் படிப்பு முடித்தவள் ஒருத்தி வேண்டும் என்று சரளாவை அழைத்திருக்கிறார். தோழியின் வீட்டு மாடியிலேயே தங்கிக்கொள்ளலாம், ஞாயிறுதோறும் மலைக்கு வரலாம். அவள் இதை உன்னிடம் சொல்லி முடிப்பதற்குள் நீ, "நீ அங்க போய் நின்னுக்கினு மாத்திர வித்தா எங்கம்மாவ யாரு பாக்கறது?" என்றாய். மகனே, கரண்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, என்னை யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அந்தக் கண்ணாடித் திரையில் உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். கணவன் மனைவி பேச்சில் நுழையலாகாது என்று இருந்துவிட்டேன்.

அதன்பின் நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் உன் சொற்கள் இங்கே எப்படிக் கேட்டன என்பதை நீ அறிய மாட்டாய் என்பதால் எழுதுகிறேன். "இன்னொரு வார்த்த பேசுனன்னு வெய்யி, இங்க இருந்தே லைன அணைச்சிடுவன். பாக்கறியா?" என்றாய். அங்கிருந்தே நம் வைஃபைப் பெட்டியை நிறுத்த உன்னால் முடியும் என்பது சரளாவுக்குத் தெரியும். அவள் கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, "அணை" என்றாள். அந்த ஒரு சொல்தான். நீ அன்றைக்கு அணைக்கவில்லை. வேறு ஏதோ முணுமுணுத்துவிட்டு வழக்கம்போல் முடித்தாய். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். "உங்க புள்ள லடாக்ல ஒக்காந்துக்கினு நம்ம வூட்டு வெளக்க ஊதி அணைப்பாராம் அத்த" என்று சிரிக்கவும் செய்தாள். சிரித்தாளே என்று நானும் நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலை குப்பம்மாள் வந்தாள். முந்தைய நாள் சந்தை வேலையில் தவறவிட்ட சீரியலை நம் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும் என்றாள். நான் சீரியல் பார்ப்பவள் அல்லள் என்பதை நீ அறிவாய்; அவள் பார்க்கும்போது உடனிருப்பேன், அவ்வளவே. சரளா தண்ணீருக்குப் போயிருந்தாள். படம் தொடங்கவில்லை. திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இன்னாக்கா இது, மாமியாக்காரி கதவாண்ட நிக்கறா, உள்ள வரவே மாட்டன்றா? கொஞ்சம் அந்தப் பெட்டிய தட்டித்தான் பாரேன்" என்றாள். நான் எழுந்து, வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியின் பின்புறத்தைப் பார்த்தேன். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. தூசி துடைப்பதோடு சரி. வரிசையாகச் சதுரத் துளைகள் இருந்தன. தொலைக்காட்சிக்குப் போகும் நீல வயர் ஒரு துளையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி, அதே அளவில், அதே வடிவில் ஒரு துளை காலியாகக் கிடந்தது. அதன் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். சீரியல்.

"குப்பு, இங்க பாரு, சீரியலுக்குன்னே தனியா ஒண்ணு கீது. நம்ம வேற பொந்துல சொருவி வெச்சிக்கீறோம்" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். குப்பம்மாள் என் இங்கிலீஷைக் கண்டு வாயைப் பிளந்தாள். "அதாங்கா படிச்சவங்கன்றது" என்றாள். நீல வயரைப் பிடுங்கி அந்தத் துளையில் சொருகினேன். டக்கென்று ஒலி எழுப்பி அழகாக உட்கார்ந்தது. பொருந்தாத இடமாக இருந்தால் பொருந்தாமல் அல்லவா போயிருக்க வேண்டும்? இருந்த வட்டமும் போய்த் திரையில் ஏதோ எழுத்து வந்தது. சரி, கொம்பில் தூசி அடைந்திருக்கும் என்று அடுத்த வேலையில் இறங்கினேன். பெட்டியின் மேல் நிற்கும் இரண்டு கறுப்புக் கொம்புகளையும், கூரையில் உள்ள ஆண்டெனாவிலிருந்து இறங்கி வரும் இரண்டு வயர்களையும் திருகிக் கழற்றினேன். புடவைத் தலைப்பால் முனைகளைத் துடைத்தேன். மறுபடி பூட்டும்போது எது எங்கே இருந்தது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. நான்கு மரையும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்று பாதியில் நின்றது. பலம் கொடுத்துத் திருகினேன். ஏறிவிட்டது.

அதோடு எல்லாம் நின்றது. நீல வயரைப் பழைய துளைக்கே மாற்றிய பிறகும் வரவில்லை. குப்பம்மாளின் கைபேசியைப் பெட்டிக்கு ஒட்டிப் பிடித்தால் நம் வைஃபையின் பெயர் தெரிகிறது. நான்கடி தள்ளினால் அதுவும் மறைகிறது. தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்த சரளா தன் கைபேசியைப் பார்த்தாள், பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். "அணைச்சிட்டாரு" என்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். முந்தைய மாலை நீ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. மகனே, அந்தக் கணத்தில் நானும் அவள் சொன்னதையே நம்பினேன். காலையில் வட்டம் சுற்றியதே நீ அணைத்ததால்தான் என்று எண்ணினேன். உன் மேல் வந்த கோபத்தில் நான் கழற்றியதையும் பூட்டியதையும் மறந்தே போனேன். அதுதான் முதல் தாமதம்.

இரண்டாவது தாமதம் என் இறுமாப்பால் வந்தது. நீ அணைத்தாலும் நான் போட்டுவிடுகிறேன் பார் என்று கிளம்பினேன். பெட்டியை அணைப்பதும் போடுவதுமாகவே ஒரு வாரம் ஓடியது; சென்ற வெள்ளிக்கிழமையும் அதில் போயிற்று. நீ இந்தப் பெட்டியை நிறுவிய நாள் உனக்கு நினைவிருக்கும். உங்கள் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டி, வீட்டுக்கு இது அதிகம், ஆனால் இந்த மலைக்கு இதுதான் தாங்கும் என்றாய். சரளாவைக் கூரையில் ஏற்றி ஆண்டெனாக் கம்பத்தைத் திருப்பச் சொன்னாய். என்னை உள்ளே நிறுத்திக் கைபேசியில் எத்தனை கோடு என்று கூவச் சொன்னாய். நடுவில் வாசலில் நீ நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஒடுகத்தூர் பக்கம்! போதும்! ஐயோ, தாண்டிப்புட்ட, திருப்பத்தூருக்கே பூட்ட!" என்று கத்தினாய். "உங்க புள்ளைக்குப் பொண்டாட்டி வேணாம் அத்த, ஒரு கம்பம் போதும்" என்று அவள் மேலிருந்து கூவினாள். அன்று அவள் உன்னைக் காண்பதற்காகவே அவ்வப்போது கம்பத்தைத் தவறாகத் திருப்பினாள் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. உன்னால் வாசலை விட்டு நகரவே முடியவில்லை அல்லவா?

அதை எண்ணித்தான் இந்த வாரத் தொடக்கத்தில், கம்பம் காற்றில் திரும்பியிருக்கும், ஏறித் திருப்பலாம் என்று சரளாவை அழைத்தேன். "நான் ஏற மாட்டன் அத்த" என்றாள். நானே ஏணியைச் சாய்த்து ஏறினேன். பாதி ஏறியிருப்பேன், உள்ளேயிருந்து ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "எறங்குங்க அத்த! கால ஒடச்சிக்கினா எந்த வண்டில கொண்டு போறது? எறங்குங்கன்றன்!" என்று அதட்டினாள். "கம்பத்த மட்டும் திருப்பிட்டு வர்றன், வுடு" என்றேன். "கம்பம் திரும்பி இன்னா அத்த ஆவப் போவுது? ஆளு திரும்பணும் இல்ல" என்றாள். நான் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகும் அவள் ஏணியை விடவில்லை. அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று பிற்பகல் பெட்டியை வெளிச்சத்தில் வைத்து முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் அவை ஒன்றல்ல. கூரை வயரின் முனைக்குள் நடுவில் மெல்லிய ஊசி இருக்கிறது. கொம்பின் முனைக்குள் ஊசி இல்லை, வெறும் துளை. பெட்டியிலுள்ள மரைகளிலும் இரண்டில் ஊசி உண்டு, இரண்டில் இல்லை. நான் ஊசியுள்ளதை ஊசியுள்ளதன் மேலேயே திருகியிருக்கிறேன். அதுதான் பாதியில் நின்றது. நான்தான் பலம் கொடுத்து ஏற்றினேன். ஒரு வயரின் ஊசி இப்போது சாய்ந்து, ஒடிந்த எறும்புக் கால் போலக் கிடக்கிறது. மற்றொரு பக்கம் ஊசி இல்லாததை ஊசி இல்லாததன் மேல் பூட்டியிருக்கிறேன். அது கடைசி வரை இறுக ஏறுகிறது. வெளியே பார்த்தால் குறையே தெரியாது. உள்ளே ஒன்றையொன்று தொடவே இல்லை. இது புரிந்ததும் இடம் மாற்றிச் சரியாகப் பூட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு சிவப்பாகவே இருக்கிறது. சாய்ந்த ஊசியை நிமிர்த்த அஞ்சி விட்டுவிட்டேன். அது முழுவதும் ஒடிந்தால் பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

உடனே சரளாவை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். "அவன் அணைக்கல கண்ணு, நாந்தான் கெடுத்துட்டன்" என்றேன். சீரியல் என்று எழுதியிருந்த துளையைக் காட்டினேன். அவள் என்னையும் துளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், இத்தனை நாளில் முதல் முறையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சீரியல் பாக்கற பொந்துன்னு நெனச்சீங்களா அத்த? ஐயோ, குப்பக்காவும் நம்பிடுச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "பெட்டி மாட்டுன அன்னிக்கு நான் கூரைல இருந்து எறங்கி வந்தப்போ இதக் கேட்டன். இது இன்னாத்துக்குன்னு. உங்க புள்ள சொன்னாரு. மத்த வழியெல்லாம் அடைஞ்சி, தூரத்துல இருந்து எதுவும் பண்ண முடியலன்னா, அவுரு நேர்ல வந்து, லாப்டாப்ப இது பக்கத்துல வெச்சி, இதுல வயர் சொருவி, பெட்டிகிட்ட பேசுவாராம். கோடு கோடா எழுத்து வருமாம். தூரத்துல இருந்து இதுல பேச முடியாதாம்." இதைச் சொல்லும்போதே அவள் சிரிப்பு நின்றது. அந்தத் துளையின் விளிம்பை விரலால் துடைத்தாள். "இதுல சொருவ வேண்டிய ஆளு வேற அத்த" என்றாள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை இந்தக் காகிதத்தின் முன் உட்கார வைத்திருக்கிறது. "நீங்க நல்லவங்க அத்த. புள்ள மேல பழி வரக்கூடாதுன்னு ஊசிய நீங்களே சாச்சிட்டு வந்து காட்டறீங்க" என்றாள். குப்பம்மாளைச் சாட்சிக்கு அழைத்தேன். அவள் வந்து, "ஆமா சரளா, எங்கண்ணு முன்னாடிதான் சொருவுனாங்க" என்றாள். நல்லது என்று நினைத்த மறுகணமே, "ஆனா அக்கா கைய வெக்கறதுக்கு முன்னாடியே வட்டம் சுத்திக்கினுதான் இருந்துச்சு" என்றும் சேர்த்தாள். மேகம் இறங்கினால் நம் மலையில் எப்போதும்தான் வட்டம் சுற்றும். அன்று மேகம் இருந்ததா? குப்பம்மாள் இருந்தது என்கிறாள், சரளா இல்லை என்கிறாள். எனக்கு நினைவில்லை மகனே. எவ்வளவு எண்ணிப் பார்த்தும் அந்தக் காலையின் வானம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் கெடுத்தேன் என்பது உறுதி. நான் கெடுப்பதற்கு முன்பே நீ அணைத்திருந்தாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அவளிடம் உறுதியாகச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இன்னொன்றும் எண்ணுகிறேன். அங்கிருந்து பார்த்தால் பெட்டி பேசவில்லை என்பது மட்டும்தான் தெரியும், யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது என்று நீ ஒருமுறை சொன்னாய். "அணை" என்று சொன்னவள் தானே பிடுங்கிப் போட்டுவிட்டாள் என்று நீ அங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறாயோ? அவள் நீ அணைத்தாய் என்கிறாள், நீ அவள் அணைத்தாள் என்கிறாய், இருவருக்கும் நடுவில் நான் ஒரு திருகாணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மலைச் சாலையில் கைபேசிப் பேச்சு மட்டும் எடுபடும் வளைவு வரை நடந்து போய் உன் எண்ணை அழைக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். மாலையில்தான் நீ கிடைப்பாய். அந்நேரம் காட்டுச் சாலையில் பெண்கள் இருவரும் நடப்பது ஆகாது. அதுவும் தவிர அவள், "அணைச்சவரு போடட்டும்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். பகலில் நானே அந்த வளைவுக்குப் போய் என் பொத்தான் கைபேசியில் அழைத்தால் நீ எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் இந்தியில் சொல்கிறாள் போலிருக்கிறது.

அறிவுரை சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒரு துளையின் பெயரைத் தவறாகப் படித்தவள் நான். ஆயினும் தாய் என்ற முறையில் ஒன்று எழுதுகிறேன், சினம் கொள்ளாதே. உன் கையில் ஒரு விசை இருக்கிறது என்பதை மனைவிக்கு நினைவுபடுத்தாதே. நீ அதை அழுத்தாமலே இருந்திருக்கலாம். ஆனால் அழுத்துவேன் என்று சொல்லிவிட்டாய். அதன்பின் மேகம் வந்து மறைத்தாலும், எலி வயரைக் கடித்தாலும், கிழவி ஊசியை ஒடித்தாலும், நீ அழுத்தியதாகவே அவள் வாழ்வில் எழுதப்படும். உன் தந்தை என்னை எவ்வளவோ திட்டியிருக்கிறார். சோற்றுத் தட்டைத் தள்ளியிருக்கிறார். ஆனால் குடகுக்குப் போனால் திரும்ப மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஆண்டு அவர் வராமல் போனபோது, ஏதோ செய்தி தவறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் விட்டுவிட்டார் என்று தோன்றவே இல்லை. அவ்வாறு தோன்றாமலிருக்க அவர் எனக்கு ஏதோ கொடுத்து வைத்திருந்தார். அதை நீ சரளாவுக்குக் கொடுத்திருக்கிறாயா என்று உன்னையே கேட்டுப் பார்.

வாணியம்பாடி வேலையைப் பொறுத்தவரை என் கருத்தையும் பதிவு செய்கிறேன். என்னைக் காரணம் காட்டி அவளைத் தடுக்காதே. எனக்கு விறகு வெட்டத் தெரியும், கேழ்வரகு அடிக்கத் தெரியும், மாத்திரை அட்டையின் பெயரைக் கூட்டிப் படிக்கவும் தெரியும், கூட்டிப் படிப்பதில் இனிமேல் கொஞ்சம் கவனமாக இருப்பேன். நம் ஊரில் காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை என்று கேட்க எல்லோரும் அவளிடம்தான் வருகிறார்கள். அந்தப் படிப்பை அவள் அடுப்படியில் வைத்திருப்பது எனக்கு நாணமாக இருக்கிறது. நீ மறுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், உன் பெயரில் மறு.

ஞாயிற்றுக்கிழமை காலை சரளாவின் அண்ணன் ஒடுகத்தூரிலிருந்து தன் ஆட்டோவில் வருகிறார். அவள் போனவாரம் குப்பம்மாள் வழியாகவே சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்தச் செய்தி மட்டும் வழியில் மாறாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. வாணியம்பாடிக்குப் போவதானால் நான் மகிழ்ச்சியோடு கட்டுச்சோறு கட்டியிருப்பேன். அவள் போவது அங்கே அல்ல, தாய் வீட்டுக்கு. "வேலைக்குன்னு போனா திரும்பி வரலாம் அத்த. இப்படிப் போனா எப்படி வர்றதுன்னு தெர்ல" என்று அவளே சொன்னாள். இரும்புப் பெட்டியில் துணிகளை அடுக்கியிருக்கிறாள். மூடியை மட்டும் இன்னும் மூடவில்லை. நேற்று இரண்டு முறை பெருக்கும் சாக்கில் அதைத் தாண்டிப் போனேன். போய் மூடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. திறந்திருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியவில்லை.

ஆகவே உன்னிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது. எந்த வயர் எந்த மரையில் என்று எனக்கு எழுத வேண்டாம். ஊசிக்கு மாற்று என்ன விலை என்றும் எழுத வேண்டாம். அந்தப் பெட்டி இப்படியே கிடக்கட்டும். நீ அன்று அணைத்தாயா, இல்லையா என்பதைச் சரளாவின் பெயரிட்டு, அவளுக்கே எழுது. அணைக்கவில்லை என்றால் அணைக்கவில்லை என்று எழுது. அணைத்திருந்தால் அணைத்தேன் என்றே எழுது. என் ஊசியின் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. அவள் அதைத் தாங்குவாள், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டேன் என்கிறாள். தூரத்திலிருந்து செய்யக்கூடிய வழியெல்லாம் இங்கே அடைந்துவிட்டது. அந்தத் துளையில் சொருக வேண்டிய ஆள் எப்போது வருவார் என்பதையும் சேர்த்து எழுது. நாள் தெரியவில்லை என்றால் வருவேன் என்றாவது எழுது.

குப்பம்மாளிடம் கைபேசியை இரவு அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சீரியல் பார்த்துச் சார்ஜைத் தீர்த்துவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறிவிடுவாள். ஏறிய பிறகு நீ என்ன எழுதினாலும் அது ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எங்களிடம் வராது.

இதைப் படித்தவுடன் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் தாய்